நான் எழுதிக் கொடுத்த பதினோரு எழுத்து

அந்தப் பதினோரு எழுத்துகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதுதான் வினையாகப் போயிற்று.

வெளிநாட்டிலிருந்து வங்கிக்குப் பணம் அனுப்பக் கணக்கு எண் மட்டும் போதாது. எந்த வங்கி, எந்த நாடு, எந்த ஊர், எந்தக் கிளை என்று சொல்ல ஒரு கோடு வேண்டும். ஸ்விப்ட் கோடு என்பார்கள். முதல் நான்கு எழுத்து வங்கிக்கு, அடுத்த இரண்டு நாட்டுக்கு, அதற்கடுத்த இரண்டு ஊருக்கு, கடைசி மூன்று கிளைக்கு. குத்தாலத்தில் என் சம்பளம் வந்து விழுகிற கிளைக்கு அப்படி ஒன்று கிடையாது. சின்னக் கிளை. எங்களுக்கெல்லாம் தஞ்சாவூர்ப் பெரிய கிளையின் கோடுதான். கடல் தாண்டி வருகிற காசு தஞ்சாவூரில் இறங்கி, மூச்சு வாங்கிவிட்டுப் பிறகுதான் எங்கள் ஊருக்கு வரும்.

இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பாசஞ்சர் ரயிலில் தஞ்சாவூர் போயிருக்கிறேன். எனக்காக அல்ல. எனக்கு வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப ஆள் இல்லை. என் பிள்ளை ஓசூரில் இருக்கிறான். அவன் அனுப்புவதெல்லாம் காலை வணக்கம் போட்ட ரோஜாப்பூப் படங்கள்தான்.

எங்கள் தெருவின் பழக்கம் அப்படி. ஒரு வீட்டில் இருப்பது எல்லா வீட்டுக்கும் பொது. முன்பு தொலைபேசி எங்கோ ஒரு வீட்டில் மட்டும் இருந்த காலத்தில், கல்யாணப் பத்திரிகையிலும் வேலைக்கான மனுவிலும் அந்த வீட்டு நம்பரைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று எழுதுவார்கள். போன் வந்தால் அந்த வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவர வேண்டும். எங்கள் வீட்டில் போன் இருந்தது. ஓடியது என் கால்கள். குழம்பு அடிபிடிக்க விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டு போன அன்று நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

ஆனால் பி.பி. போகவில்லை. அது வந்து என் வங்கிக் கணக்கில் உட்கார்ந்துகொண்டது. தெருவில் முதல் ஆள் சிங்கப்பூர் போனபோது பாதி வீடுகளுக்குக் கூட்டுறவு சங்கத்தில் மட்டும்தான் கணக்கு இருந்தது. பயிர்க்கடனுக்காகத் திறந்தது. அதற்கு வெளிநாட்டுக் கோடும் கிடையாது, அங்கே யாருக்கும் அவசரமும் கிடையாது. "டீச்சர் கணக்குக்குப் போடச் சொல்லிட்டேன் டீச்சர்" என்று என்னிடம் தகவலாகத்தான் சொன்னார்கள், கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான் கோட்டைப் பெரிய எழுத்தில் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பேன். பணம் வந்தால் எடுத்துக் கொடுப்பேன். யாருக்கும் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. உயர்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு நடத்துகிறவள் நான், குறைந்தால் வெட்கக்கேடு.

நன்றாகத்தான் இருக்கிறது கேட்க. நடைமுறையில், பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போது வாசலில் ஒருத்தி நிற்பாள். "மெசேஜ் வந்துச்சா டீச்சர்?" வரவில்லை என்றால் முகம் தொங்கும். என்னவோ நான்தான் அமுக்கி வைத்திருக்கிற மாதிரி. வந்திருந்தால் ஏ.டி.எம். வரிசையில் நான் நிற்க வேண்டும். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்பார் என் வீட்டுக்காரர், வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே. எனக்கும் அலுத்துத்தான் போயிற்று. ஆனால் முடியாது என்று சொல்லும் தெம்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நாளடைவில் கையில் போனும் ஆளுக்கொரு கணக்கும் வந்து, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது ஒருத்தி. எதிர்வீட்டு மருமகள்.

அவள் புருஷன் ஓமானில் வெல்டர். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். கணக்கு வராது. ஆனால் வராததை வந்த மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டான். முழி பிதுங்குகிற கணக்கு வந்தால் விடை எழுத வேண்டிய இடத்தில் 'தெரியலை டீச்சர்' என்று எழுதிவைப்பான். அதற்கு நான் பூஜ்யம் போட்டுவிட்டு, அழகான கையெழுத்து என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

எதிர்வீடு பெரிய குடும்பம். மாமனார், மாமியார், மூத்தவன், அவன் மனைவி, பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. ஓமானிலிருந்து வருகிற சம்பளம் மாமனார் கணக்குக்குப் போகும். அது குடும்பச் செலவுக்கு. அதில் இவளுக்குச் சேலை எடுக்க வேண்டுமென்றால் மாமியாரிடம் கேட்க வேண்டும். இவள் அதற்கெல்லாம் முணுமுணுத்ததில்லை. அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். கொல்லைப் பக்கம் ஓர் அறை போட்டு, தனியாக ஓர் அடுப்பு வைக்க வேண்டும். புருஷன் ஒருமுறை லீவில் வந்தபோது இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவள் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"சம்பளம் வீட்டுக்குப் போகட்டும் டீச்சர். ஓவர்டைம் காச மட்டும் உங்க கணக்குக்கு அனுப்பறேங்கறாரு. மாமாவுக்குத் தெரிய வேணாம். செங்கல்லு வாங்கற அளவுக்குச் சேந்ததும் அவரே வந்து சொல்லிக்கறேன்னாரு."

"ஏம்மா, நீயே போயி ஒரு கணக்கு ஆரம்பிச்சுக்கயேன்."

"பாஸ்புக்கு எங்க டீச்சர் ஒளிச்சு வைக்கறது?"

கோட்டை எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் படம் பிடித்து ஓமானுக்கு அனுப்பிவிட்டு, தாளை என் அடுப்பிலேயே போட்டாள்.

இரண்டு வருடம் பிசகாமல் நடந்தது. மாதம் பத்தாம் தேதி வாக்கில் என் போனில் மெசேஜ் வரும். பணத்தை நான் எடுக்காமல் அப்படியே வைத்து ஒரு நோட்டில் கூட்டிக்கொண்டே வந்தேன். வந்த அன்று நான் வாசலுக்கு வந்து, "முருங்கைக் கீரை தளதளன்னு இருக்கு, வந்து பறிச்சுக்கயேன்" என்று சத்தமாகச் சொல்வேன். அதுதான் எங்கள் அடையாளம். எதிர்வீட்டில் மாதம் ஒருமுறை ஏன் கட்டாயமாக முருங்கைக்கீரை பொரியல் என்று யாரும் யோசிக்கவில்லை.

வைகாசியில் மெசேஜ் வரவில்லை. கொஞ்சம் தாமதம் என்று நினைத்தோம். ஆனியிலும் வரவில்லை. அதற்குள் மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து, குறுவை நடவு தொடங்கிவிட்டது. அவள் நடவுக்குப் போய்விட்டு, சேறு காய்ந்த காலோடு என் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். அந்தப் பார்வைக்குப் பயந்து, அவள் வருகிற நேரத்துக்கு நான் உள்ளே போய்விட ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சல்கூட வந்தது. யார் வீட்டு அடுப்புக்காகவோ நான் ஏன் ஒளிய வேண்டும்?

புருஷனைக் கேட்டதற்கு, "ரெண்டு மாசமும் அனுப்பிட்டேனே" என்றிருக்கிறான். வரவில்லை என்றதும் ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அவள் அந்தப் படத்தோடு என் சமையலறைப் பின்வாசல் வழியாக வந்தாள். நான் இடைப்பருவத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு, அறுபது தாள். காலையிலிருந்து தலைவலி வேறு.

"கொஞ்சம் பாருங்க டீச்சர். எதாச்சும் தப்பா எழுதியிருக்காரா?"

போனை வாங்கிப் பார்த்தேன். கையில் சிவப்புப் பேனா அப்படியே இருந்தது. பெயர், என்னுடையது, சரி. கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பாஸ்புக்கோடு வைத்துப் பார்த்தேன், சரி. தொகை, தேதி, சரி.

"கோடு சரியா இருக்கா டீச்சர்?" என்று அவளே கேட்டாள்.

பதினோரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்தேன். எனக்குள் இருந்த பதினோரு எழுத்தோடு ஒன்றுகூட மாறவில்லை. "அது நான் எழுதிக் குடுத்ததும்மா" என்றேன்.

"அப்ப எல்லாம் சரியா இருக்குல்ல? காசு எங்க டீச்சர் போச்சு?"

இந்த இடத்தில் நான் 'தெரியலைம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது, அதுதான் உண்மை. ஆனால் தெரியலை என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் எனக்கு. எங்கள் தெருவிலேயே ஒருவன் சில வருடங்களுக்கு முன்பு அப்படிச் செய்திருந்தான். பணம் கட்டி ரசீது வாங்கிப் படத்தை மனைவிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நாளே ரத்து செய்து காசைத் திரும்ப வாங்கிக் குடித்துத் தீர்த்தான். அது ஞாபகம் வந்தது.

"ரசீது நெஜம்தான். அனுப்பினது நெஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்? கட்டிட்டுக் கேன்சல் பண்றவங்களையும் பாத்திருக்கேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

அவள் அங்கேயே, என் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனை வாய்க்கு அருகில் வைத்துக் குரல் செய்தி பதிய ஆரம்பித்தாள். நான் கேட்கக் கூடாதென்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"உங்கம்மா பேச்சக் கேட்டுக்கிட்டு மனசு மாறிட்டீங்க, அதானே? நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு ரசீதெல்லாம்? நான் என்ன படிக்காதவள்னு நெனச்சீங்களா? ரெண்டு வருசமா நானும் பைத்தியக்காரி மாதிரி செங்கல்லுக் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒங்க ஓவர்டைமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே என்னையப் பொண்டாட்டின்னு கூப்பிடாதீங்க."

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது நான் சும்மா இருக்கவில்லை. தாளில் தப்புப் போட்டுக்கொண்டே, "ரசீத யாரு வேணா படம் புடிச்சு அனுப்பலாம், அத நல்லாக் கேளு" என்று எடுத்துக் கொடுத்தேன்.

செய்தி போய்விட்டது. பதில் வரவில்லை. அதன் பிறகு அவள் கூப்பிட்டால் அவன் எடுக்கவும் இல்லை. ஆறாம் நாள் அவன் தன் அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஓவர்டைம் பணம் இப்படி டீச்சர் கணக்கில் இரண்டு வருடமாகச் சேர்கிறது, கடைசி இரண்டு மாதம் போய்ச் சேரவில்லை என்கிறார்கள், இனி எல்லாமே உங்கள் கணக்குக்கே வரும், அறையும் வேண்டாம் அடுப்பும் வேண்டாம் என்று. அன்று எதிர்வீட்டில் எழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் காலை மாமனார் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். துண்டு தோளில்தான் இருந்தது, குரலும் உயரவில்லை.

"டீச்சரம்மா, எம்பையன் போட்ட காசு ஒங்ககிட்ட இருக்குன்னான்."

"இருக்குங்க. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். உள்ள வாங்க, பாத்துக்குங்க."

"இல்ல, பரவால்ல. கடைசி ரெண்டு மாசத்துதும் அதுல இருக்குங்களா?"

"அது வரலைங்க."

"அவன் அனுப்பிட்டேங்கறான். வரலைன்னா எங்க போயிருக்கும்னு நீங்கதானே சொல்லணும்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மரியாதையாகத் திருடி என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு என்ன பதில் சொல்வது? அன்று மாலைக்குள் கடைத்தெருவில் பேச்சாகிவிட்டது. மளிகைக் கடையில் நான் நுழைந்ததும் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுப் பருப்பைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனேன். இதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதமாக அவள் என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் பார்த்தாளே, அதற்காக நான் வங்கிக்குப் போகவில்லை. என் பெயருக்கு இழுக்கு வந்ததும் காலை எட்டே முக்காலுக்கே ஷட்டருக்கு முன்னால் போய் நின்றேன். நான்கு மாதக் கணக்கை அச்சடித்து வாங்கி, அந்தப் பெரியவர் கையில் கொடுக்க வேண்டும். அது மட்டும்தான் என் நினைப்பு.

கவுன்டரில் இருந்தது சின்ன வயது அதிகாரி. என் கணக்கை அச்சடித்துக் கொடுத்தார். கடைசி இரண்டு மாதமும் வெளிநாட்டுப் பணம் எதுவும் வரவில்லை என்பது அதில் தெளிவாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுந்துவிட்டேன். எழுந்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று ரசீதுப் படத்தையும் காட்டினேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், இது பழைய ஸ்விப்ட் கோடு."

"தஞ்சாவூர் பிராஞ்ச் கோடுதானே?"

"ஆமா மேடம். ஆனா அது நம்ம பழைய பேங்க்கோட கோடு. மெர்ஜ் ஆனதுக்கு அப்புறம் எல்லாம் மாறிடுச்சு. கொஞ்ச நாள் பழசுலயும் வாங்கிட்டிருந்தாங்க. சித்திரையோட அதை நிறுத்தியாச்சு. இதுல அனுப்பினா எப்படிங்க வரும்?"

எங்கள் வங்கியை இன்னொரு பெரிய வங்கியோடு சேர்த்தது எனக்குத் தெரியாததல்ல. பெயர்ப் பலகை மாறியது, பாஸ்புக்கின் நிறம் மாறியது, தண்ணீர் டிரம்கூட மாறியது. கணக்கு எண் அதேதான் என்றார்கள். சம்பளத்துக்கு வேண்டிய உள்ளூர்க் கோட்டைப் பள்ளி அலுவலகத்திலேயே திருத்திக்கொண்டார்கள். நான் ஒரு கையெழுத்துகூடப் போடவில்லை. அதனால் எதுவுமே மாறவில்லை என்று இருந்துவிட்டேன்.

"காசு என்ன ஆகும்?" என்றேன்.

"தொலைஞ்சு போகாது மேடம். நடுவுல ஒரு பேங்க்கு இருக்கும், அவங்க வாங்கி வெச்சிருப்பாங்க. போக வழியில்லைன்னா பிடித்தம் போக அனுப்பினவருக்கே திருப்பிடுவாங்க. எப்படியும் ஒரு மாசம் ரெண்டு மாசம் இழுக்கும். அங்க அவர் காசு கட்டின எக்ஸ்சேஞ்ச் கடைக்கே வந்திருக்கும். கேட்கச் சொல்லுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பியிருந்தோமே மேடம்" என்றார்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து என் போனைத் துழாவினேன். தனிநபர் கடன் வேண்டுமா, தங்க நகைக் கடன் வேண்டுமா, கார் வேண்டுமா என்று வரிசையாக. அவற்றுக்கு நடுவில் இருந்தது. ஒன்றல்ல, மூன்று. வெளிநாட்டிலிருந்து பணம் பெறுவோர் புதிய ஸ்விப்ட் கோட்டை அனுப்புநருக்குத் தெரிவிக்கவும் என்று தமிழிலேயே போட்டிருந்தார்கள். மூன்றையும் நான் திறந்திருக்கிறேன். திறந்து, படிக்காமல், அடுத்ததற்குப் போயிருக்கிறேன்.

மினிபஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒன்றையே யோசித்தேன். ரசீதில் இருந்த எல்லாவற்றையும் எதனோடாவது ஒப்பிட்டுப் பார்த்தேன். கோட்டை மட்டும் என்னோடு ஒப்பிட்டேன். அவன் எழுதியது நான் கொடுத்தது. நான் சரிபார்த்தது நான் கொடுத்ததை வைத்து. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? ஒரு பையன் தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூறு போட்டுக்கொண்டு வந்தால் அவனை முட்டி போடச் சொல்லியிருப்பேன்.

'பேங்க்ல ஏதோ குளறுபடி' என்று சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. பொய்யும் இல்லை. யாரும் அதற்கு மேல் கேட்கப் போவதில்லை. இறங்குகிற வரைக்கும் அப்படிச் சொல்லத்தான் வாயைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டேன். வந்தாள். பத்து நாளில் ஆள் பாதியாகியிருந்தாள். சொல்ல ஆரம்பித்தபோது தயார் செய்த வாக்கியம் வரவில்லை.

"கோடு தப்பும்மா. மாறிப்போச்சு. எனக்கு மூணு தடவ மெசேஜ் அனுப்பியிருக்காங்க. நான் படிக்கல. தப்பு என்னோடது."

அவள் என் தப்பைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. "அப்ப அவரு அனுப்பினாரா டீச்சர்?" என்றாள்.

"அனுப்பியிருக்கான்."

"ரெண்டு மாசமுமா?"

"ரெண்டு மாசமும்."

"நெசமாவா டீச்சர்?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே போனை எடுத்து, அந்தக் குரல் செய்தியைத் தேடிப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"இத இங்க அழிச்சா அவரு போன்லயும் அழிஞ்சிடுமா டீச்சர்?"

அழுத்திப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டது. நம் போனில் மட்டும் அழிக்கலாம் என்றுதான் காட்டியது. இல்லையென்று தலையாட்டினேன். போனை வாங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருடத்தில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். செய்து கொடுக்க முடியாமல் போயிற்றே என்று நான் வருந்தியது அன்று ஒருநாள்தான்.

"என் போன எடுக்க மாட்டேங்கறாரு" என்றாள்.

என் போனிலிருந்து கூப்பிட்டேன். அங்கே வேலை விட்டு முகாமுக்கு வந்திருக்கும் நேரம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க டீச்சர்."

நான் நின்றுகொண்டுதான் பேசினேன். வங்கி சேர்ந்தது, கோடு மாறியது, மெசேஜைப் படிக்காதது, பணம் அவன் கட்டிய கடைக்கே திரும்பியிருக்கும் என்பது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிச்சுக்கப்பா என்றும் சொன்னேன். என்னிடம் படித்தவன் எவனிடமும் அதைச் சொன்னதில்லை.

"பரவால்ல டீச்சர். நான் சிம்மு மாத்திட்டேன். கடைக்காரங்க பழைய நம்பருக்கு எதாச்சும் தகவல் அனுப்பியிருப்பாங்க. போயி கேட்டு வாங்கிக்கறேன்." பிறகு கொஞ்சம் இறங்கின குரலில், "அவ பேசினதுகூட எனக்கு அவ்வளவு இல்ல டீச்சர். கோவத்துல பேசறவதான். அந்த வாய்ஸ்ல பின்னாடி நீங்க பேசறது கேட்டுச்சு" என்றான்.

அரிசி டின் மேல் உட்கார்ந்தேன்.

"டீச்சரே சொல்றாங்கன்னா நாமதான் எதுலயோ தப்பு பண்ணியிருக்கணும்னு தோணிச்சு. லீவு சொல்லிட்டு டவுனுக்குப் போயி, அந்தக் கடைக்காரன்கிட்ட, நான் நெசமாவே காசு கட்டினேனா பாருங்கன்னு கேட்டேன் டீச்சர். ரசீது என் கையில இருக்கு, அத வெச்சுக்கிட்டே கேக்கறேன். அவன் என்னையப் பைத்தியம்னு நெனச்சிருப்பான். அனுப்பியாச்சு, ஒங்க ஊர்ல கேளுன்னான். ஒங்ககிட்ட எப்படிக் கேக்கறது? அதான் எல்லாம் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

போனை அவளிடம் கொடுத்தேன்.

அவள் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "சாப்ட்டீங்களா?" என்றாள். அவன் என்ன சொன்னானோ, "ம்" என்றாள். அப்புறமும் "ம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமாகிட்ட நீங்களே பேசுங்க, நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றாள். அறையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புரிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகம் பத்து நாளுக்கு முந்தைய முகமாகவும் இல்லை, சற்று முன் பார்த்த முகமாகவும் இல்லை.

"டீச்சர், புதுக் கோடு சொல்றீங்களா? எழுதிக்கறேன்" என்றான் அவன். "இனிமே ஒளிவு மறைவு வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டு அவ பேர்லயே கணக்கு ஆரம்பிக்கச் சொல்லப்போறேன். அதுவரைக்கும் ஒங்களுதுக்கே போடறேன்."

வங்கி அதிகாரி எழுதிக் கொடுத்த தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவன் எழுதினான். திருப்பிப் படிக்கச் சொன்னேன். படித்தான். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். அதற்கும் படித்தான்.

"அனுப்பறதுக்கு முன்னாடி அந்தக் கடையில ஒரு தடவ கேட்டுக்கப்பா. இந்தக் கோடு உயிரோட இருக்கா, சரியான கோடுதானான்னு. என் பேச்ச மட்டும் நம்பாத."

அவன் சிரித்தான். இத்தனை நாளில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் சிரிப்பு.

"எதுக்கு டீச்சர் கேட்டுக்கிட்டு? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."